தோலுக்குக் கீழே காற்று

மதுஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நான்காம் நாள் காலை, அவன் கழுத்தில் விக்ஸ் தடவப்போன கஜானியின் விரலுக்கடியில் ஏதோ நொறுங்கியது.

கையை வெடுக்கென்று எடுத்தாள். பிறகு மெல்ல வைத்துப் பார்த்தாள். தோல் வெதுவெதுப்பாக, மெத்தென்று இருந்தது. அழுத்தினால் உள்ளே சின்னச் சின்னக் குமிழ்கள் உடைந்தன. சிறுவயதில் இருவரும் வாவிக்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் ஆற்றுவாழையைப் பிடுங்கி, அதன் வீங்கிய தண்டைப் பெருவிரலால் நசுக்கி விளையாடுவார்கள். அதே நெறுநெறுப்பு. ஆனால் இது தம்பியின் கழுத்து.

"நோகுதா?"

இல்லையென்று தலையாட்டினான். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தவன். இருபத்திரண்டு வயது. கொரோனா நெஞ்சில் இறங்கி, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் ஒட்சிசனோடு கிடந்துவிட்டு வந்திருந்தான். காய்ச்சல் போய்விட்டது. இருமல் போகவில்லை. விடியற்காலையில் ஓர் இருமல் வந்தது, கட்டிலே ஆடியது. அதோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தவன் அப்படியே இருந்துவிட்டான். இப்போது பார்த்தால் கழுத்து இரண்டு பக்கமும் உப்பி, தாடை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

"அக்கா, தண்ணி தா" என்றான்.

கஜானி திரும்பிப் பார்த்தாள். அறையில் வேறு யாரும் இல்லை.

மதுஷனுக்கு அடித்தொண்டைக் குரல். தெருவாசல் படலையில் நின்று கூப்பிட்டால் பின்வளவுக்குக் கேட்கும். இது மெல்லிசாக, மூக்கு வழியாக, ஒவ்வொரு சொல்லின் வாலையும் விழுங்கிக்கொண்டு வந்தது.

அடுப்படியிலிருந்து அம்மா வந்து கதவு நிலையில் நின்றாள். கையில் அகப்பை.

"ஆரு கதைச்ச?"

"தம்பிதானம்மா. தண்ணி கேட்டான்."

"இல்ல" என்றாள் அம்மா. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தாள். "இன்னொருக்காக் கதை மனே."

மதுஷனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னம்மா? தண்ணி தாங்க."

அம்மா நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவின் பெயர் கண்ணகை. அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் உதயரூபன். 2007ஆம் ஆண்டு, அவனுக்குப் பத்தொன்பது வயதில், முகத்தைத் துணியால் கட்டிய நாலு பேர் செட்டிபாளையத்தில் உள்ள இந்த வீட்டுப் படலைக்கு வந்தார்கள். சின்ன விசாரணை ஒன்று, பகல் சோற்றுக்கு முன்னம் விட்டுவிடுவோம் என்று சொல்லி அவனைக் கூட்டிப்போனார்கள். அந்தப் பகல் இன்னும் வரவில்லை.

அப்பா அந்தக் கவலையிலேயே நாலு வருடத்தில் போய்ச் சேர்ந்தார். அம்மா போகவில்லை. மரண அத்தாட்சிப் பத்திரம் எடுங்கள், உதவிப் பணம் வரும் என்று வந்தவர்களை முற்றத்தோடு அனுப்பினாள். வருடாவருடம் வாக்காளர் இடாப்புக்குப் பெயர் எழுத வரும் கிராம சேவகர், "உதயரூபன் இப்ப எங்க அம்மா இரிக்கார்?" என்று கேட்பார். "வேலைக்குப் போயிரிக்கான்" என்பாள் அம்மா. அவர் எழுதிக்கொண்டு போவார். செத்தவர்களுக்குக் கொடுக்கும் அமுதை அவனுக்குக் கொடுக்கச் சொன்ன சொந்த அண்ணனோடு அவள் இன்றுவரை முகம் பார்த்துக் கதைப்பதில்லை.

உதயரூபனுக்குச் சிறுவயதிலிருந்தே மூக்கடைப்பு. பேச்செல்லாம் மூக்கால்தான். பள்ளிக்கூடத்தில் 'நாதஸ்வரம்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். கஜானிக்கு அந்தப் பட்டம் நினைவிருந்தது. குரல் நினைவில்லை. அவன் போனபோது அவளுக்குப் பதினொரு வயது. முகத்துக்குப் படங்கள் இருந்தன. குரலுக்கு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் வீட்டில் போன் கிடையாது. ஒருவர் போன பிறகு முதலில் தேய்வது குரல்தான் என்பதை அவள் தனியாகக் கண்டுபிடித்திருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது, தம்பியின் வாயிலிருந்து அது வந்தபோது, ஓம், இதுதான் என்று அவளுக்குள் ஏதோ உடனே சொன்னது. இதுதான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் அதைத் திருப்பிக் கேட்டாள்.

அவள் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தவள். பிரதேச செயலகத்தில் பட்டதாரிப் பயிலுனர். கூட்டங்களில் பெயர் கேட்டாலே குரல் நடுங்கும். ஆனால் தனியாக இருந்து ஒன்றை யோசிக்கத் தெரியும். தோலுக்குக் கீழே நெறுநெறுப்பது காற்று. காற்று அங்கே இருக்கக் கூடாது. அது உள்ளே எங்கேயோ ஓட்டை விழுந்துதான் வந்திருக்க வேண்டும்.

அவன் நெஞ்சில் காதை வைத்தாள். இதயம் வேகமாக அடித்தது. ஒவ்வோர் அடிக்கும் கூடவே ஒரு சரசரப்பு. காய்ந்த சருகின் மேல் யாரோ உள்ளே நடப்பதுபோல.

பின்வளவுக்கு ஓடினாள். வேலிக்கு அப்பால் றஜனி அன்ரி முக்காட்டோடு போனைத் தேங்காய்க் குவியலில் சாத்தி வைத்து ஞாயிறு ஆராதனை பார்த்துக்கொண்டிருந்தாள். பயணத்தடையால் மெதடிஸ்த கோயிலும் பூட்டு.

"அன்ரி, அந்த மிசினத் தாங்க."

"எந்த மிசின்? தையல் மிசினா?"

"விரல்ல போடுறது."

"ஓ, அதுவா." றஜனி அன்ரி போதகரின் சத்தத்தைக் குறைத்தாள். அந்தத் தெருவுக்கே ஒரு ஒக்சிமீற்றர்தான். அவளுடைய மகன் அலன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. "பற்றறி முடியப் போகுது புள்ள. ஒரு வருத்தமும் இல்லாத சனமெல்லாம் வந்து விரல் விட்டுப் பாக்குது. முன் வீட்டுக்காரர் ஆட்டுக்குப் போட்டுப் பாத்தாராம், நம்பர் வரல்லயாம், என்னட்ட வந்து மிசின் பழுது எண்டு சண்டை. ஆருக்குகா? மதுஷனுக்கா?"

கஜானியின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். ஷொப்பிங் பையில் போட்டு வேலிக்கு மேலால் நீட்டினாள்.

தம்பியின் விரலில் மாட்டினாள். எண்பத்துநாலு.

விரலை மாற்றிப் போட்டாள். எண்பத்துமூன்று.

முற்றத்துக்குப் போய் அம்புலன்ஸுக்கு, 1990க்கு அடித்தாள். வண்டிகள் எல்லாம் வெளியே என்றார்கள். முக்கால் மணித்தியாலம் ஆகும் என்றார்கள். கட்டாயம் வரும், ஆளை உட்கார்த்தியே வையுங்கள் என்றார்கள்.

அவள் திரும்பி வந்தபோது அறை மாறியிருந்தது. கட்டிலின் நாலு காலிலும் வேப்பங்குழை கட்டியிருந்தது. நிலத்தில் ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர், அதற்குள்ளும் வேப்பிலை. அம்மா தலைக்கு வார்த்துவிட்டு ஈரச் சேலையோடு வந்து உட்கார்ந்திருந்தாள்.

வைகாசி மாதம். மற்ற வருடங்களில் இந்தக் கிழமை கண்ணகை அம்மன் கோயிலில் கதவு திறந்து, ஏழு நாளும் பறைச் சத்தம் ஊரைத் தூங்க விடாது. கடைசியில் குளிர்த்தி, அம்மனைக் குளிரவைத்த தண்ணீரைச் சனம் முண்டியடித்து வாங்கிக்கொண்டு போகும். இந்த வருடம் பூசாரிமார் மட்டும் உள்ளே. சனத்தைப் பொலிஸ் விடவில்லை.

"கோயிலுக்கு நம்மள விடல்ல" என்றாள் அம்மா. "அதான் அம்மாள் வீட்டுக்கு வந்திட்டா. காய்ச்சலா வந்தா. இப்ப இவன்ட ஒடம்பில இறங்கிக் கலையா நிக்கிறா. பாத்தயா, என்ட புள்ளட குரலக் கொண்டு வந்து தந்திரிக்கா."

"அம்மா, இது கலை இல்ல. காத்து. நெஞ்சில ஓட்டை விழுந்து காத்து மேல வருது. தொண்டைக்குள்ள காத்து நிண்டா குரல் மாறும்."

"ஓம், காத்துத்தான்" என்றாள் அம்மா அமைதியாக. "கலையும் காத்துத்தானே."

கஜானி மிசினைத் தம்பியின் விரலில் மறுபடி மாட்டினாள்.

அம்மா கட்டில் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் பதினாலு வருடமாகக் காணாத ஒரு இளக்கம் இருந்தது.

"சாப்பிட்டயா மனே?"

"பசிக்கல்லம்மா" என்றது அந்தக் குரல்.

"எங்க படுக்கிற?"

மதுஷன் கண்ணை மூடியிருந்தான். "இஞ்சதான்."

"இஞ்சதானாம்!" அம்மா கஜானியின் கையைப் பிடித்து உலுக்கினாள். "கேட்டயா? இஞ்சதானாம். தூர இல்ல. இந்தப் பக்கத்திலதான் எங்கயோ வச்சிரிக்காங்க."

"அம்மா, அவன் தன்னைச் சொல்றான். இந்தக் கட்டிலச் சொல்றான்."

"நீ சும்மா இரி. மனே, அடிக்காங்களா? நோகுதா?"

"நெஞ்சு நோகுது."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே கேட்டாள். குளிருதா? குளிருது. ஆரும் கிட்ட இரிக்காங்களா? அக்கா இரிக்கா. அவன் ஒவ்வொரு பதிலையும் மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டுச் சொன்னான். நோயாளி ஒருவன் சொல்லக்கூடிய மிகச் சாதாரணமான சொற்கள். அந்தக் குரலில் வந்ததால் ஒவ்வொன்றும் வேறோர் இடத்திலிருந்து வந்தது. அக்கா இரிக்கா என்றபோது, சொன்னது தம்பியா அண்ணனா, அது எந்த அறை என்று ஒரு கணம் அவளுக்கே தடுமாறியது. உதயரூபன் அவளை அக்கா என்று கூப்பிட்டிருக்க முடியாது என்பது பிறகுதான் உறைத்தது.

அம்மா எல்லாம் கேட்டாள். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. யாருக்காவது கலை வந்தால் அந்த ஊரில் முதலில் கேட்பது, வந்திருப்பது யார் என்றுதான். அதற்குப் பதில் வந்த பிறகே மற்றக் கேள்விகள். இத்தனை கலை பார்த்த அம்மா ஏன் அதை விட்டாள் என்று கஜானி யோசிக்கவில்லை. அவள் கண் மிசினில் இருந்தது. எண்பத்தொன்று.

வண்டிச் சத்தம் கேட்டது. படலைக்கு வெளியே றஜனி அன்ரி கையைக் காட்டி, "இஞ்சதான், இந்த வீடுதான்" என்று கத்துவது கேட்டது.

வெள்ளை உடுப்பில், தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு, முகக்கவசமும் அதற்கு மேல் கண்ணாடித் தட்டுமாக இரண்டு பேர் முற்றத்தில் வந்து நின்றார்கள். முகம் தெரியவில்லை.

அம்மா எழுந்தாள். அறைக் கதவைச் சாத்தி, அதற்குக் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"அம்மா, எழும்புங்க."

"கலை நிக்கிற ஒடம்பத் தூக்கப் படாது. தூக்கினா வந்தது வழி தெரியாம நிண்டிரும்."

"அவன் செத்துப் போயிருவான் அம்மா!"

"முகம் தெரியாத ஆக்கள் வந்து இந்த வீட்டிலயிருந்து இன்னொரு புள்ளயக் கொண்டு போறதுக்கு நான் விடமாட்டன்" என்றாள் அம்மா. சத்தமாகச் சொல்லவில்லை. தீர்மானித்த ஒன்றைச் சொன்னாள்.

யன்னலடியில் வந்து நின்றவன் உள்ளே எட்டிப் பார்த்தான். குரல் இளைஞனுடையது. "அக்கா, ஆளுட முகமெல்லாம் ஊதிட்டு வருது. சுறுக்கா ஏத்தணும். எனக்கு இன்னும் ரெண்டு வீடு இரிக்கி. பொலிசுக்கு அடிக்கவா?"

"வேணாம்" என்றாள் கஜானி. பொலிஸ் வந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அம்மா எழும்பமாட்டாள். அவர்கள் தூக்குவார்கள். அதற்குள் மதுஷன் இருக்கமாட்டான். "ரெண்டு நிமிசம் தாங்க."

மதுஷனின் கண்ணிமைகளும் உப்பத் தொடங்கியிருந்தன. உதட்டோரம் நாவற்பழம் தின்ற நிறம். அம்மா சொல் கேட்கமாட்டாள். வெளியிலிருந்து யார் சொன்னாலும் கேட்கமாட்டாள். அவள் கேட்கக்கூடியது இந்த அறைக்குள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கஜானி மஞ்சள் தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்தாள். கட்டிலுக்கு முன்னால் நின்றாள். வேப்பங்குழையைத் தண்ணீரில் தோய்த்தாள். இதைச் செய்யும் பெண்களைக் கோயிலில் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

"ஆரு வந்திரிக்கிற?" என்றாள்.

மதுஷன் கண்ணைத் திறந்தான். வீங்கிய இமைகளுக்கிடையில் இரண்டு கீறல். அதற்குள் பேயும் இல்லை, தெய்வமும் இல்லை. பயந்துபோன அவளுடைய தம்பிதான் இருந்தான்.

"பேரச் சொல்லு" என்றாள் அவனைப் பார்த்தபடி, மெதுவாக, அவனுக்கு விளங்கும்படி. "பேரச் சொல்லிட்டு, இந்த ஒடம்ப விட்டுட்டு இறங்கிப் போ."

"கேக்காத!" கதவடியிலிருந்து அம்மா கத்தினாள். "அத மட்டும் கேக்காத புள்ள!"

அப்போதுதான் கஜானிக்கு விளங்கியது. கலையில் தெய்வம் வரும். செத்தவர் வருவர். உயிரோடிருக்கும் ஒருவன் இன்னொருவன் உடம்பில் வந்து நின்றதாக அந்த ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. அம்மாள் குரலைக் கொண்டு வந்தாள் என்று இருக்கும்வரை, அவன் எங்கோ இருக்கிறான். அவனே வந்திருக்கிறான் என்றால், அவன் எங்கும் இல்லை. அதனால்தான் அம்மா கேட்கவில்லை.

கேள்வியைத் திருப்பி எடுக்க முடியாது. எடுக்கவும் அவளால் ஏலாது. மிசினில் எழுபத்தொன்பது.

"சொல்லு அண்ணா" என்றாள்.

அந்தச் சொல்லைப் பதினாலு வருடத்துக்குப் பிறகு அவள் ஒருவரைப் பார்த்துச் சொன்னாள்.

மதுஷன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெல்ல வாயைத் திறந்தான்.

"உதயன்" என்றது குரல். மூச்சு. "உதயன்தான் வந்திரிக்கன்." இன்னொரு மூச்சு, நீண்டது. "தம்பிய விடுங்கம்மா."

அவ்வளவுதான் என்று கஜானி நினைத்தாள். குழையை ஓங்கினாள். அப்போது அது மறுபடி பேசியது.

"காத்திரிக்க வேணா."

அவள் தண்ணீரைத் தெளித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மதுஷனின் முகத்திலிருந்து மஞ்சள் தண்ணீர் வழிந்து உப்பிய கழுத்தில் இறங்கியது.

பிறகு அம்மா காலை மடக்கினாள். நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தானே கதவைத் திறந்தாள்.

"முகத்தக் காட்டு தம்பி" என்றாள் முன்னால் நின்றவனிடம்.

அவன் ஒரு கணம் தயங்கினான். நாலடி பின்னால் போய்க் கண்ணாடித் தட்டைத் தூக்கி, முகக்கவசத்தை இறக்கினான். அரும்புமீசை. வியர்வையில் நனைந்து, மூக்கில் கவசம் வெட்டிய தழும்போடு ஒரு சாதாரண முகம்.

"பேரென்ன?"

"வினோஜன், அம்மா. ஆரையம்பதி."

"எப்ப கொண்டு வந்து விடுவ?"

வினோஜன் கஜானியைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். "தெரியா அம்மா" என்றான்.

"தெரியா எண்டு சொன்னயே" என்றாள் அம்மா. "அது காணும். கொண்டு போ."

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டொக்டர் சப்னா என்று சொன்னாள். களைத்த, நல்ல குரல்.

"நீங்க சயன்ஸ் படிச்சதாமே? அப்ப லேசா விளங்கும். நிமோனியாவில நுரையீரல்ட காத்துப்பைகள் பலவீனமாப் போயிரும். பலமா இருமினா ஒண்டு ரெண்டு வெடிக்கும். வெடிச்ச காத்து நெஞ்சுக்கு நடுவால மேல ஏறித் தோலுக்குக் கீழ வந்திரிக்கி. அடிக்கடி காணுற விசயமில்ல. எனக்கே இது ரெண்டாவது ஆள். வலப்பக்க நுரையீரலும் சுருங்கிட்டு, அதுக்குக் குழாய் போட்டிரிக்கம். இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தா நான் இந்தக் கோல் எடுத்திரிக்க மாட்டன்."

"தோலுக்குக் கீழ இரிக்கிற காத்து?"

"அதுக்கு ஒண்டும் செய்யத் தேவையில்ல. கொஞ்சம் கொஞ்சமா இரத்தத்தில கரைஞ்சிரும். அவரே அத மூச்சில வெளிய விட்டிருவார். குரலும் சரியாகும்."

கஜானி போனை வைத்துவிட்டு வெகுநேரம் வளவில் நின்றாள். வாவியில் காற்றில்லை. அக்கரை மரங்கள் தண்ணீரில் தலைகீழாக நின்றன. இந்த நேரத்தில், நகரத்தில் ஒரு கட்டிலில் கிடந்து, தம்பி அண்ணனின் குரலை மூச்சு மூச்சாக வெளியே விட்டுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததற்குத் தன்மேலேயே கோபம் வந்தது. ஆனால் அது போகவில்லை.

ஆறாம் நாள் மதுஷன் வாட்டிலிருந்து யாருடையதோ போனில் கதைத்தான். குரல் பாதி அவனுடையது, பாதி மற்றது. கஜானி அம்மாவிடம் போனை நீட்டினாள். அம்மா கையை ஆட்டி மறுத்தாள்.

"ஆரு எண்டு தெரியாம நான் எப்படிக் கதைக்கிற?"

பதினாறாம் நாள் வந்து சேர்ந்தான். மெலிந்து, விலாவில் குழாய் போட்ட தழும்போடு, தன்னுடைய அடித்தொண்டைக் குரலில், "ஆஸ்பத்திரிச் சோத்தில உப்பே இல்ல" என்று குறைப்பட்டுக்கொண்டு. அம்மா அவனைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவனுக்கு இறால் சொதி வைத்தாள். அன்று முழுக்க அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மறுநாள் வாவிக்கரையில் தோணியின் விளிம்பில் அவன் உட்கார்ந்திருக்கையில் கஜானி போய்ப் பக்கத்தில் நின்றாள். கேட்க வேண்டியதைக் கேட்க அவளுக்கு நேரம் எடுத்தது.

"அண்டைக்கு நான் கேட்டது விளங்கினதா ஒனக்கு?"

"விளங்கினது. ஒன்ட கண்ணப் பாத்தன். பேர வேணுமெண்டுதான் சொன்னன்." அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "தம்பிய விடுங்க எண்டதும் நான்தான்."

"மத்தது?"

"எது?"

"காத்திரிக்க வேணா எண்டு."

அவன் தோணியின் விளிம்பை நகத்தால் சுரண்டினான்.

"எட்டு வயசிலயிருந்து அதச் சொல்லணும் எண்டிருந்தன் அக்கா. நான் பள்ளிக்கூடத்தால வந்தாலும் அம்மா என்ட தோளுக்கு மேலால படலையப் பாப்பா. நான் வந்தது அவக்குப் போதாது." கல்லொன்றை எடுத்தான், எறியவில்லை. "ஆனா அண்டைக்கு நான் அதச் சொல்ல நினைக்கல்ல. மூச்சே இல்ல. வாய் தானா அசைஞ்சது. என்ட காதிலயும் அண்ணன்ட குரல்தான் கேட்டது. பயந்திட்டன்."

"ஒனக்கு அண்ணன்ட குரல் ஞாபகமிரிக்கா?"

"முந்தி இல்ல" என்றான். "இப்ப இரிக்கி."

அவளுக்கும் அப்படித்தான். அண்ணனை நினைத்தால் இப்போது குரல் தெளிவாக வருகிறது. அது தம்பியின் தொண்டையில் நின்ற காற்று. அதற்குக் கீழே வேறு ஏதாவது இருந்திருந்தால், அதை இது மூடிவிட்டது. இனி எடுக்க முடியாது.

"அம்மாட்ட சொல்லிராத" என்றான் மதுஷன். "ரெண்டு பேருமாச் சேந்து செஞ்சது."

"என்ன செஞ்சது?"

"அண்ணனச் சாகவச்சது."

அவன் வந்த மூன்றாம் நாள் காலை, அம்மா கலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து கஜானிக்கு முன்னால் வைத்தாள். குளித்து, வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். அப்பாவுக்குக் கூட ஒரு வருடத்தோடு அவள் வெள்ளையை விட்டவள்.

"ஐயருக்கு ஆளனுப்பினன்" என்றாள். "அமுது குடுக்கிறதுக்கு நாள் கேக்காரு. செத்த திதி வேணுமாம்."

கஜானி கலண்டரைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியா எண்டன். வீட்டில ஆருக்கும் தெரியாட்டி, தெரிய வந்த நாள வைக்கலாமாம்." அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "நீதானே கேட்ட. நீதானே தண்ணி தெளிச்சி இறக்கின. ஒனக்குத்தான் அந்த நாள் தெரியும். சொல்லு புள்ள."

சொல்லலாம். அது காற்று அம்மா. பேரைச் சொன்னது தம்பி. நான் சொல்லவைத்தேன், உங்கள் காலை எடுப்பதற்காக. உதயண்ணன் எங்கே என்று எனக்குத் தெரியாது, ஒருவருக்கும் தெரியாது. இதைச் சொன்னால் அம்மா இந்தச் சேலையை அவிழ்த்துவிடுவாள். மறுபடி படலையைப் பார்ப்பாள். மதுஷன் வரும்போதெல்லாம் அவன் தோளுக்கு மேலால் பார்ப்பாள். சொல்லாவிட்டால், எங்கோ ஓர் இடத்தில், ஒருவேளை, இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு அவள் கையால் பிண்டம் வைக்கப்படும்.

ஒருவேளை என்ற சொல் பதினாலு வருடமாக இந்த வீட்டில் சோறு தின்று வளர்ந்திருந்தது.

கஜானி எழுந்து போய் மதுஷனின் ஆஸ்பத்திரிக் கோவையை எடுத்து வந்தாள். நோய் விபர அட்டையை விரித்தாள். மருத்துவக் கையெழுத்தில் நுரையீரல், காற்று, குழாய் என்றெல்லாம் எழுதியிருந்தது. மேலே, வலது மூலையில், அனுமதித்த திகதியும் நேரமும்.

"மே இருபத்திமூண்டு" என்று வாசித்தாள். குரல் நடுங்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொண்டே கால்."

அம்மா விரலால் கலண்டரைத் தடவி அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்தாள். கீழே பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணருகே பிடித்துப் படித்தாள்.

"வளர்பிறை துவாதசி" என்றாள். "நல்ல திதி."

உள்ளறையில் மதுஷன் இருமினான். சின்ன இருமல்தான். பெண்கள் இருவரும் தலையைத் திருப்பினார்கள். இருமல் நின்றது. அவன் தொண்டையைச் செருமுவது கேட்டது. எதையோ கேட்கப் போகிறான். கதவுப் பக்கம் பார்த்தபடி, அவன் வாயைத் திறப்பதற்காக, அவர்கள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்கள்.